வராதவளின் சம்மதம்

அல்போன்சாவைப் பற்றிச் சொல் என்றால் மற்றவர்கள் அவள் தைத்த பைகளில் ஆரம்பிப்பார்கள். நான் அவளுடைய மூத்திரத்தில்தான் ஆரம்பிப்பேன். முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளட்டும். அதை விட்டுவிட்டுச் சொன்னால் அது அவள் கதையே இல்லை.

நான் கேரல். விவேக் நகர் குழந்தை ஏசு கோயிலுக்குப் போகிற வழியில் மேசை போட்டு மெழுகுவர்த்தி விற்கிறேன். வியாழக்கிழமை நவநாள் செபத்துக்குப் பாதி பெங்களூர் என் மேசையைத் தாண்டித்தான் போகும். வீட்டில் எனக்கும் அல்போன்சாவுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அவள் வீட்டுக் குக்கர் விசிலை எண்ணி நான் என் அடுப்பை அணைத்திருக்கிறேன். சண்டை, சிரிப்பு, சிரிலுடைய குறட்டை எல்லாம் எனக்கும் சேர்த்துத்தான். சிரில் அவள் வீட்டுக்காரர், பெயிண்டர், வாயில்லாத மனுஷன்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் ஓசூர் ரோடு பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் சட்டைக்குக் காலர் வைக்கும் வேலை பார்த்தாள். ஒரு லைன் என்றால் முன்னும் பின்னுமாக மிஷின் போட்டு உட்கார்ந்த பெண்களின் நீள வரிசை. அந்த வரிசை முழுக்கப் பாத்ரூம் போக ஒரே ஒரு டோக்கன். சிவப்பு பிளாஸ்டிக் வில்லை, சூப்பர்வைசர் மேசைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். போகிறவள் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அவள் வந்து மாட்டினால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். எடுக்கும்போது சூப்பர்வைசர் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பான், அப்புறம் உன்னைப் பார்ப்பான். அந்தப் பார்வைக்குப் பயந்தே பெண்கள் வேலை முடிகிற வரை தண்ணீர் குடிக்க மாட்டார்கள். அல்போன்சாவுக்கு நீர்க்கடுப்பு வராத மாதமே கிடையாது. டாக்டர் தண்ணீர் குடி என்பார். "குடிச்சா எங்க டாக்டர் போறது?" என்று இவள் கேட்பாள்.

ஒரு நாள் அவசரம் தாங்காமல் எழுந்து போய்க் கேட்டிருக்கிறாள். "இந்த பண்டில் முடி, அப்புறம் போ" என்று அவன் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னானாம். பண்டில் என்றால் ஒரு கட்டுக் காலர். திரும்பி வந்து பல்லைக் கடித்துக்கொண்டு மிஷினை மிதித்தாள். பண்டில் முடியவில்லை, உடம்பு முடிந்துவிட்டது. உட்கார்ந்த இடத்திலேயே எல்லாம் நனைந்து தரையில் ஓடியது. இரண்டு பிள்ளை பெற்றவள், லைன் நடுவில், சுற்றிலும் ஆண்கள் பெண்கள் எல்லாரும் இருக்கும்போது. இதை என்னிடம் சொன்னபோது அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

அப்போது பின் மிஷினில் உட்கார்ந்திருந்தவள் டீனா. சின்னப் பெண், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான். தரையைப் பார்த்தாள், அல்போன்சாவின் கழுத்தைப் பார்த்தாள். தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அந்த ஈரத்தின் மேலேயே கவிழ்த்தாள். "ஐயோ, தண்ணி கொட்டிட்டேன்!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். சூப்பர்வைசர் ஓடி வந்து அவளை வாய்க்கு வந்தபடி திட்டினான். அவள் வேஸ்ட் துணியை எடுத்து முட்டி போட்டு எல்லாவற்றையும் துடைத்தாள். அல்போன்சாவின் சேலை நனைந்ததற்கும் காரணம் கிடைத்துவிட்டது. அந்த நிமிஷத்திலிருந்து டீனா அவளுக்குக் கூடப்பிறந்தவள். டீனா மகளின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாயாக நின்றதும் அல்போன்சாதான். கேக்கை நான்தான் வெட்டிக் கொடுத்தேன்.

கொரோனாவுக்குப் பிறகு அந்த ஃபேக்டரியை மூடிவிட்டு முதலாளி மிஷினோடு வேறு மாநிலத்துக்குப் போய்விட்டான். பெண்கள் தெருவில் நின்றார்கள். அப்போதுதான் வந்தான் ப்ரஹ்லாத். கதர் குர்தா, தோளில் துணிப்பை, தாடி. வீட்டில் கன்னடம், எங்களோடு பேச நல்ல தமிழ். பெரிய படிப்பெல்லாம் படித்துவிட்டு முதலாளித்துவத்துக்கு மாற்று வேண்டும் என்று சொல்லும் கூட்டத்தில் சேர்ந்தவன். எங்கள் சந்தில் பாய் விரித்து எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினான். ஏதோ ஒரு தேசத்தில் மூடிப்போன ஃபேக்டரிகளைத் தொழிலாளிகளே திறந்து முதலாளி இல்லாமல் நடத்துகிறார்களாம். வேலை செய்கிறவர்களே சொந்தக்காரர்கள், எல்லாருக்கும் ஒரே பங்கு, ஒரே கூலி. பெண்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். நான் பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டேன்.

அல்போன்சா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அங்க பாத்ரூம் போகணும்னா யாருகிட்ட கேக்கணும், சார்?"

சிலர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "யாருகிட்டயும் கேக்க வேணாம்கா. சார்னும் கூப்பிட வேணாம்" என்றான்.

அவள் அன்றைக்கே சேர்ந்தாள். அவளுக்காக டீனா சேர்ந்தாள். அதே லைனில் வேலை பார்த்த லட்சுமம்மா மர்பி டவுனிலிருந்து வந்து சேர்ந்தாள், சந்தாபுராவிலிருந்து பஸ் பிடித்து வரும் பெண்களும் சேர்ந்தார்கள். விவேக் நகரிலேயே மூடிக்கிடந்த ஒரு பேக்கரியை வாடகைக்குப் பிடித்தார்கள். ரொட்டி சுடும் பெரிய அடுப்பை இடிக்கக் காசில்லை, அதனால் அதற்குள்ளேயே துணியை அடுக்கினார்கள். மழைக்காலத்தில் அந்தத் துணியில் தைத்த பைகளை மோந்தால் பன் வாசனை அடிக்கும். சங்கத்துக்கு 'நம்ம கை' என்று பேர். தமிழிலும் கன்னடத்திலும் ஒரே பேர், சண்டை இல்லை. அந்த பேக்கரி ஷெட்டுக்கு முதலில் வாங்கின சாமான் என்ன தெரியுமா? மிஷின் இல்லை. ஒரு பெரிய தண்ணீர் கேன், அதைக் கவிழ்த்து வைக்கும் ஸ்டாண்டு. அல்போன்சா பிடிவாதமாக வாங்கவைத்தாள். வருகிற பெண்களிடம் எல்லாம், "குடி, நல்லா குடி, இங்க எவனும் கேக்க மாட்டான்" என்பாள்.

அந்த நாட்களில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சந்துக்குள் வரும்போதே பேச்சுச் சத்தம் கேட்கும். ப்ரஹ்லாத் அவளை மாநாடுகளுக்கு அழைத்துப்போவான். மாற்றுப் பொருளாதாரம், அது இது என்று பேனர் கட்டின ஹாலில் ஏசி குளிரில் இவள் மைக்கைப் பிடித்து, "எங்க ஷெட்ல டோக்கன் கிடையாது" என்பாள். படித்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று கைதட்டுவார்களாம். அவள் சிரிக்கிற படத்தைப் பைகளில் தொங்கும் அட்டையில் அச்சடித்தார்கள். இதைத் தைத்தவளே இதன் முதலாளி என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. அந்த அட்டை ஒன்றைச் சிரில் வீட்டில் குழந்தை ஏசு படத்துக்குக் கீழே சொருகி வைத்தார்.

சங்கத்தின் சட்டம் ஒன்றுதான் பெரியது. எந்த முடிவும் எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான். ஒருத்தி வேண்டாம் என்றால் வேண்டாம். ஃபேக்டரியில் ஓட்டு எடுக்கிறோம் என்று சொல்லி இவர்களை இரண்டாகப் பிரித்து வைத்தார்கள், அந்தக் கசப்பு எல்லாருக்கும் இருந்தது. ஆனால் நடைமுறையில் இது பெரிய பேஜாராகிவிட்டது. எந்தச் சனிக்கிழமைக் கூட்டத்துக்கும் யாராவது ஒருத்தி வர மாட்டாள். ஒருத்தி வீட்டில் சாவு, ஒருத்தி பிள்ளைக்குக் காய்ச்சல், ஒருத்தி தண்ணீர் லாரிக்காகக் காத்திருப்பாள். ஒரு முறை துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷினின் மோட்டார் எரிந்துபோனது. புதியது வாங்க முடிவெடுக்க வேண்டும், ஆனால் ஒருத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போயிருக்கிறாள். அவள் திரும்பி வருகிற வரைக்கும் ஆர்டர் அப்படியே கிடந்தது.

அடுத்த கூட்டத்தில் அல்போன்சா எழுந்து ஒரு யோசனை சொன்னாள். "வராதவங்க எல்லாருக்கும் சம்மதம்னு வெச்சுக்கலாம். நாம என்ன, ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்தவா போறோம்? நான் இல்லாதப்ப என் தங்கச்சி எனக்குக் கெட்டதா முடிவெடுப்பா?"

டீனாதான் முதலில் கைதட்டினாள். ப்ரஹ்லாத் புல்லரித்துப் போனான். "எந்தப் புத்தகத்துலயும் இப்படி ஒரு சட்டம் படிச்சதில்லைக்கா. நம்பிக்கையையே சட்டமா போடறீங்க" என்றான். போகிற மாநாட்டில் எல்லாம் அதையே சொல்லிக் கைதட்டல் வாங்கினான். உலகத்தில் வேறு எவராவது இப்படி ஒரு சட்டம் போடுவார்களா? குடும்பமாக நினைத்தவர்கள்தான் போடுவார்கள்.

கூட்டம் எப்போதும் சனிக்கிழமை. வியாழக்கிழமை மட்டும் கூட்டம் என்ற பேச்சே கிடையாது. ஏனென்றால் வியாழக்கிழமை அல்போன்சா மிஷினை முன்னதாகவே மூடிவிட்டு நவநாளுக்கு வந்துவிடுவாள். கூடவே டீனாவும் வருவாள். இரண்டு பேரும் என் மேசையில் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி எடுப்பார்கள். எனக்குத் தெரிந்து ஒரு வாரமும் தவறியதில்லை. நீர்க்கடுப்பை ஆண்டவர்தான் போக்கினார் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. தண்ணீர் குடித்ததால் போனது என்று நான் சொன்னால் கோபம் வரும்.

போன வருஷம் ப்ரஹ்லாத் ஒரு அம்மாவை அழைத்து வந்தான். ரூபினி மேடம், எங்கேயோ ஒரு நிதி கம்பெனி. கைத்தறிச் சேலை கட்டிக்கொண்டு பெண்களோடு தரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் ப்ரஹ்லாத் விஷயத்தைப் பிரித்தான். ரூபினி மேடத்தின் கம்பெனி பணம் போடும். புது மிஷின், வெளிநாட்டு ஆர்டர், எல்லாருக்கும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. அட்டை. அதற்குப் பதிலாகச் சங்கம் ஒரு கம்பெனியாக மாற வேண்டும். பெரிய பங்கு அவர்களுக்கு. ப்ரஹ்லாதே மேனேஜர். "பேப்பர்ல மட்டும்தான்கா மாறும். மனசு கூட்டுறவாவே இருக்கும்" என்றான்.

"முதலாளி வேணாம்னு சொல்லித்தானே தம்பி எங்களை உக்கார வெச்ச?" என்று அல்போன்சா கேட்டாள்.

"உள்ள போய்த்தான்கா இந்த சிஸ்டத்தை மாத்த முடியும்."

"நான் உள்ளேருந்துதான் வந்தேன். முதலாளி வந்தா பின்னாலயே டோக்கனும் வரும். எனக்கு வேணாம்."

சட்டப்படி ஒருத்தி வேண்டாம் என்றால் வேண்டாம். ப்ரஹ்லாத் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, கண்கள் கலங்க, "நீங்க வேணாம்னா வேணாம்கா. அதுக்காகத்தானே இந்த சங்கம்" என்றானாம். அன்று மாலை என் மேசைக்கு வந்தவனுக்கு நான் டீ வாங்கிக் கொடுத்தேன். அந்த டீயை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

அதற்கு அடுத்த வியாழக்கிழமை. கோயில் கூட்டம் நெருக்கித் தள்ளியது, நான் சில்லறை இல்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தேன். அல்போன்சா தனியாக வந்தாள்.

"டீனா எங்க?" என்றேன்.

"தலைவலியாம், பாவம். முகமே செத்துப்போச்சு. நீ போய்ட்டு வா அக்கா, எனக்காகவும் ஒண்ணு கொளுத்திட்டு வானு சொன்னா." இரண்டு மெழுகுவர்த்தி எடுத்தாள். அதில் ஒன்று லேசாக வளைந்திருந்தது. அதை வைத்துவிட்டு நேரானதாகப் பார்த்து மாற்றிக்கொண்டாள். "அவளுக்குக் கொளுத்தறது நல்லதா இருக்கணும்" என்றாள்.

அவள் அங்கே கண்ணை மூடிக்கொண்டு டீனாவின் தலைவலிக்காகச் செபம் சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில், பேக்கரி ஷெட்டில் கூட்டம் நடந்தது. ப்ரஹ்லாத் கேட்டான், பெண்கள் கை தூக்கினார்கள். முதல் கை டீனாவுடையது. இதை எனக்குச் சொன்னது லட்சுமம்மா, அவளும் அந்தக் கைகளில் ஒருத்தி.

வெள்ளிக்கிழமை காலை அல்போன்சா வேலைக்குப் போனாள். ஷெட் வாசலில் மாவிலைத் தோரணம், உள்ளே மைசூர்பாக்கு டப்பா. டீனா ஒரு துண்டை எடுத்து நேராக அவள் வாயிலேயே ஊட்டினாள்.

"என்னாடி விசேஷம்?" என்று அல்போன்சா மென்றுகொண்டே கேட்டாள்.

"நேத்து மீட்டிங் வெச்சோம் அக்கா. கம்பெனி ஆயிட்டோம். எல்லாரும் சம்மதம்."

"எல்லாருமா? நான் எங்க சம்மதம் சொன்னேன்?"

டீனா தரையைப் பார்த்தாள். "நீ வரலியே அக்கா. வராதவங்க சம்மதம்னு நீதானே சொன்ன."

மைசூர்பாக்கு வாயில் இருந்தது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அல்போன்சா சுற்றிலும் பார்த்திருக்கிறாள். ஒருத்தி நூல் கோத்தாள், ஒருத்தி மிஷினுக்கு எண்ணெய் விட்டாள், எல்லாருக்கும் திடீரென்று அவ்வளவு வேலை. லட்சுமம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏனு மாடோது அல்போன்சா, நான் என்னா பண்றது? எங்க வீட்டுக்காரருக்கு வாரத்துக்கு ரெண்டு தடவை டயாலிசிஸ். இ.எஸ்.ஐ. அட்டை இல்லாம நான் எங்க போவேன்?" என்று அழுதாள். லட்சுமம்மாவை என்னால் திட்ட முடியவில்லை. மற்ற எல்லாரையும் திட்டினேன், இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

ப்ரஹ்லாத் வந்தான். குர்தாவுக்குப் பதில் சட்டை. "எல்லாம் ரூல்படிதான்கா" என்றான். "வியாழக்கிழமை வெக்கக் கூடாதுன்னு ரூல்ல இல்லையே."

"இல்லதான். என்கிட்ட இருந்துச்சு தம்பி, நம்பிக்கை" என்றாளாம்.

நானாக இருந்தால் செருப்பு பேசியிருக்கும். அவள் வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சிரில் பெயிண்ட் கையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "விடு" என்றார். வேறு என்ன சொல்வார்? கோயில் பாடல் குழுவில் பாலகுமார் என்று ஒரு வக்கீல் இருக்கிறார், அவரிடம் இழுத்துக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க சட்டத்தை வெச்சே உங்களை மடக்கியிருக்காங்க. கோர்ட்டுல நின்னு என்னனு சொல்வீங்க, என் கூட்டாளிங்களை நம்பினேன்னா?" என்று கேட்டார். வரும்போது அல்போன்சா என்னிடம் ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "தலைவலின்னாளே கேரல். நான் அவளுக்குப் போய் நல்ல மெழுகுவத்தியா பாத்து எடுத்தேனே." சங்கம் போனதைப் பற்றி அவள் பேசவேயில்லை. ப்ரஹ்லாத் அவள் தலையில் மிளகாய் அரைத்ததைப் பற்றியும் பேசவில்லை. அந்த மெழுகுவர்த்திதான் அவளுக்கு நெஞ்சில் குத்தி நின்றது.

அப்படியானால் ஏன் அங்கேயே வேலைக்குப் போனாள் என்று கேட்பீர்கள். அவள் வயசுக்கு எந்தக் கார்மெண்ட்ஸும் கேட்டைத் திறக்காது. முட்டி வலி வேறு. பேப்பரில் மட்டும்தான் மாறும் என்று சொன்னார்களே, பார்ப்போம் என்றும் ஒரு நப்பாசை. டீனாவோடு பேச்சை நிறுத்திவிட்டாள். வியாழக்கிழமை தனியாக வந்து ஒரு மெழுகுவர்த்தி வாங்கிப்போவாள்.

ஷெட் மாறியது. ரொட்டி அடுப்பை இடித்தார்கள். கண்ணாடிக் கதவு வந்தது. கண்ணாடி அறைக்குள் ப்ரஹ்லாத் லேப்டாப் வைத்து உட்கார்ந்தான், தாடி மட்டும் அப்படியே இருந்தது. வெளியில் 'நம்ம கை' போர்டு, பைகளில் அல்போன்சா சிரிக்கும் அதே அட்டை, தைத்தவளே முதலாளி என்ற அதே எழுத்து. அந்தப் பை ஒன்றைக் கோயிலுக்கு வந்த ஒரு அம்மா தோளில் மாட்டியிருந்தாள். அதைப் பிடுங்கி எறியலாமா என்று எனக்கு வந்தது. அந்த அம்மா என்ன பாவம் பண்ணினாள் என்று சும்மா இருந்தேன்.

டீனாவை லைன் லீடர் ஆக்கினார்கள். தனி மேசை, கழுத்தில் அட்டை. தண்ணீர் கேனைப் பின்னால் ஸ்டோர் ரூமுக்குத் தள்ளினார்கள், நடுவில் இருந்தால் நடக்க இடைஞ்சலாம். அதைப் பார்த்தபோதே அல்போன்சாவுக்குப் புரிந்திருக்கும். அவள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோக ஆரம்பித்தாள்.

இந்த வருஷம் வெயில் காலத்தில், ஒரு திங்கட்கிழமை, டீனாவின் மேசைக்குப் பக்கத்தில் ஆணி அடித்திருந்தது. அதில் ஒரு டோக்கன். இந்தத் தடவை சிவப்பு இல்லை, பச்சை. துணியிலேயே தைத்து, மேலே 'நம்ம கை' முத்திரை போட்டு, அழகாக இருந்ததாம். யாரோ பெண்களையே தைக்கவைத்திருக்கிறார்கள். வெளிநாட்டு ஆர்டர் தேதிக்குள் முடிய வேண்டும், எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து போனால் லைன் நிற்கிறது, அதனால் ஒரு சின்ன ஒழுங்கு என்று ப்ரஹ்லாத் விளக்கம் சொன்னான். பெண்கள் தலையாட்டினார்கள். அல்போன்சா ஆட்டவில்லை. இனி அவள் வேண்டாம் என்றால் அது யாருக்கும் கணக்கில்லை.

அந்த வாரமே ரூபினி மேடம் வெள்ளைக்காரர்கள் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு ஷெட்டைச் சுற்றிக் காட்ட வந்தாள். அப்போதுதான் அல்போன்சாவுக்கு அவசரம் வந்தது. தண்ணீர் குடித்துப் பழகிய உடம்பு, அதற்கு என்ன தெரியும்? எழுந்து டீனாவின் மேசைக்குப் போனாள். அத்தனை மாசத்துக்குப் பிறகு அவளிடம் பேசின முதல் வார்த்தை இதுதான்.

"டோக்கன் வேணும்."

டீனா கண்ணாடி அறைப் பக்கம் பார்த்தாள். டோக்கன் ஆணியில் சும்மாதான் தொங்கிக்கொண்டிருந்தது. "அக்கா, மேடம் வந்திருக்காங்க. இந்த பண்டில் மட்டும் முடிச்சுட்டுப் போயேன். ஜல்தியா முடிஞ்சிரும்" என்றாள்.

லட்சுமம்மா சத்தியம் பண்ணிச் சொன்னாள், அல்போன்சாவின் முகத்தில் கோபமே இல்லையாம். தன் மிஷினுக்குத் திரும்பிப் போனாள். எல்லாரும் உட்காரப்போகிறாள் என்று நினைத்தார்கள். அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். மூடியைத் திறந்தாள். டீனாவின் மேசைக்கு முன்னால் தரையில், நிதானமாக, பாட்டிலில் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் கவிழ்த்தாள். தண்ணீர் டீனாவின் செருப்புக்கு அடியில் ஓடியது.

"ஐயோ" என்றாள் அல்போன்சா. "தண்ணி கொட்டிட்டேன்."

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அந்த ஷெட்டில் பழைய ஃபேக்டரிக்காரிகள் எத்தனை பேர்! அந்த ஈரம் என்னவென்று என்னை விட்டால் தனக்கும் டீனாவுக்கும் மட்டும்தான் தெரியும் என்று அல்போன்சா இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். லைன் முழுக்க அன்றைக்கே தெரியுமாம். லட்சுமம்மாவுக்கும் தெரியும். தெரிந்தும் ஒருத்தியும் அவளிடம் மூச்சு விட்டதில்லை. அவ்வளவு நல்லவர்களாகத்தான் ஒரு காலத்தில் இருந்தார்கள்.

டீனாவின் மூஞ்சியில் ஈயாடவில்லை. எழுந்தாள், ஆணியிலிருந்து டோக்கனை எடுத்து நீட்டினாள். "அக்கா, இந்தா. போய்ட்டு வா அக்கா."

அல்போன்சா அதைத் தொடவில்லை. வெறுங்கையோடு நடந்து பாத்ரூமுக்குப் போனாள். வெள்ளைக்காரர்கள் வழிவிட்டார்கள். அவசரமில்லாமல் போய்விட்டு வந்து கைகால் கழுவினாள். மிஷினிலிருந்து தன் கத்தரியை எடுத்து முந்தானையில் துடைத்து, பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். டீனா வேஸ்ட் துணி வைத்து முட்டி போட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாளாம். உதவிக்கு யாரும் எழுந்திருக்கவில்லை.

இப்போது அல்போன்சா வீட்டில் பாவாடை, ஜாக்கெட் தைக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் பகலெல்லாம் மிஷின் சத்தம். சிரில் அந்த அட்டையைக் குழந்தை ஏசு படத்திலிருந்து எடுத்துவிட்டார். எங்கே போட்டார் என்று நான் கேட்கவில்லை.

அவள் வேலையை விட்ட அடுத்த வியாழக்கிழமை டீனா என் மேசைக்கு வந்தாள், ரொம்ப நாளுக்குப் பிறகு. கண் வீங்கியிருந்தது. மெழுகுவர்த்தி எடுக்கப் போனாள். அந்த நேரம் பார்த்து அல்போன்சாவும் வந்து நின்றாள். எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. பழைய பழக்கத்தில் இரண்டு மெழுகுவர்த்தியை எடுத்து அல்போன்சாவிடம் நீட்டிவிட்டேன்.

டீனா அவளையே பார்த்தாள். "அக்கா, எனக்கு..." என்று என்னவோ சொல்ல வந்தாள்.

அல்போன்சா ஒன்றை எடுத்துக்கொண்டாள். மற்றதை என் மேசையில் வைத்தாள். டீனாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"அவ வந்திருக்கா கேரல். அவளுக்கு வேணும்னா அவளே கொளுத்திக்கட்டும். வராதவங்களுக்காக மட்டும்தான் நான் கொளுத்தினது."